மாற்றியமைப்பதற்கு முன் பராமரிப்போம்

தமிழ்நாட்டில் வீட்டு வாசலில் ஓர் இருசக்கர வாகனம் நிற்பது இன்று வசதியின் அடையாளம் அன்று, வாழ்க்கையின் தேவை. 1980-ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து இருவர் அமர்ந்து செல்லக்கூடிய டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தபோது தொடங்கிய மாற்றம், அடுத்த நாற்பது ஆண்டுகளில் சிற்றூர்களின் அன்றாடப் பொருளாதாரத்தையே உருமாற்றியது. பால் கேனைச் சுமப்பவர், மீன் கூடையுடன் விடியலில் புறப்படுபவர், கட்டட வேலைக்குச் செல்பவர், இரவுப் பணி முடித்துத் திரும்பும் செவிலியர், வீடு தோறும் உணவு கொண்டு சேர்க்கும் இளைஞர் என அனைவரின் வருவாயும் இரண்டு சக்கரங்களின் மீதே உருள்கிறது.

பொருளியல் நோக்கில் இது நுகர்பொருள் அல்ல. ஒரு குடும்பத்தின் மூலதனப் பொருள். ஆலையில் இயந்திரம் வாங்குபவர், முதல் நாளிலேயே அதன் தேய்மானத்துக்கும் பராமரிப்புக்கும் தனியே ஒரு தொகையை ஒதுக்குகிறார். ஆனால், குடும்பங்கள் மாதத் தவணையைக் கணக்கில் எழுதுவதோடு நின்றுவிடுகின்றன. தவணை முடிந்த மாதத்தில் 'இனி வண்டிக்குச் செலவில்லை' என்று மகிழ்கிறோம். உண்மையில், டயரும் பிரேக்கும் தேய்ந்து, கவனம் கூடுதலாகத் தேவைப்படும் காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. வாங்குவது எளிதாகியிருக்கிறது, வாங்கியதைப் பேணுவது பற்றிய பேச்சுதான் குறைவு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இவற்றில் ஒவ்வொரு விபத்துக்கும் வாகனத்தின் பழுதே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும், நம் கையில் இருக்கும் காரணங்களையாவது நாம் களைந்தாக வேண்டும்.

ஐப்பசி தொடங்கித் தை முடிய உள்ள நான்கு மாதங்கள் இதற்கான தேர்வுக்காலம். முதலில் வடகிழக்குப் பருவமழை, பின்னர் மார்கழிப் பனி, மலைப்பகுதிகளில் கடுங்குளிர். இந்தப் பருவத்தை எதிர்கொள்ள வண்டியில் எதை முதலில் கவனிக்க வேண்டும், எதற்குப் பணம் செலவிட வேண்டும், எதற்குச் செலவிடக் கூடாது என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்பது பயனுள்ளது.

டயரே முதல் செலவு: சாலையைத் தொடுவது வண்டி அன்று, இரு டயர்களின் உள்ளங்கை அளவேயான பகுதிகள்தாம். டயரின் வரிப்பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. டயருக்கும் சாலைக்கும் இடையே சிக்கும் நீரை வெளியேற்றும் வடிகால்கள். அவை தேய்ந்துவிட்டால், வெயில் காலத்தில் தெரியாத குறை, முதல் மழையிலேயே வழுக்கலாக வெளிப்படும். டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற குறி இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்தினுள் ஒரு சிறு மேடு தெரியும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டின் அளவுக்குத் தேய்ந்துவிட்டால், மேலும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று கணக்குப் போடக் கூடாது.

தேயாத டயரும் மூப்படையும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கின்றன. '2319' எனில், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். ரப்பர் கெட்டிப்பட்டு நுண்ணிய வெடிப்புகள் தோன்றியிருந்தால், பள்ளம் ஆழமாக இருப்பினும் ஈரச் சாலையில் பிடிப்பு இராது. புதிய டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

காற்றழுத்தம் செலவே இல்லாத பராமரிப்பு. எவ்வளவு காற்று தேவை என்பது வண்டியின் செயின் கவரிலோ கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். தனியாகச் செல்லும்போது ஓர் அளவு, பின்னால் ஒருவர் அமரும்போது பின்சக்கரத்துக்கு வேறோர் அளவு. டயர் சூடாவதற்கு முன்பே அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. இறங்கும். ஆகவே, குளிர்காலத்தில் வாரம் ஒரு முறை சோதிப்பது நலம். 'மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும்' என்ற நம்பிக்கை தவறானது. காற்றுக் குறைந்த டயரின் நடுப்பகுதி சாலையைச் சரியாக அழுத்தாது. வரிப்பள்ளங்களும் நீரை வெளியேற்றாது.

பிரேக்கின் கணக்கு: மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அடையவே அந்த ஒரு நொடி ஆகிவிடும். உராய்வுக் கெழு உலர்ந்த சாலையில் 0.7, ஈரச் சாலையில் 0.4 எனக் கொண்டு கணக்கிட்டால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு முறையே 20 மீட்டரும் 35 மீட்டரும் தேவை. அதாவது, 37 மீட்டரில் நின்ற வண்டி மழையில் 52 மீட்டரில்தான் நிற்கும். வேகத்தை 40 கி.மீ. ஆகக் குறைத்தால், ஈரச் சாலையிலும் மொத்தம் 27 மீட்டர் போதும். வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் நிற்கும் தூரம் ஏறக்குறைய பாதியாகிறது. இதைவிட மலிவான பாதுகாப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

முன்பிரேக்கைத் தொட்டாலே கவிழ்ந்துவிடும் என்ற அச்சம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு அதனிடமே உள்ளது. ஈரச் சாலையில் இரு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, அதன் பிறகு திரும்ப வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் குறைந்தவற்றில் இரு பிரேக்குகளையும் இணைத்து இயக்கும் சிபிஎஸ் போதும் என்று அப்போது விதிக்கப்பட்டது. ஆனால், தேய்ந்த டயரையும் தேய்ந்த பிரேக் ஷூவையும் எந்தத் தொழில்நுட்பமும் ஈடுசெய்யாது.

டிரம் பிரேக்கினுள் நீர் புகுந்தால் சிறிது நேரம் பிடிப்பே இராது. தேங்கிய நீரைக் கடந்ததும், மெதுவாகச் செல்லும்போதே பிரேக்கை இரண்டு மூன்று முறை இலேசாக அழுத்தி உலர்த்திக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக்கின் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. நிறம் மாறாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

செயினும் ஆயிலும்: மழைநீர் செயினின் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடும், அதன் மேல் மணல் ஒட்டும், அது அரம்போல் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை அரிக்கும். 500 கி.மீ.க்கு ஒரு முறையும், கனமழையில் ஓட்டிய மறுநாளும் செயினை மண்ணெண்ணெயால் துடைத்து, உலரவிட்டு, கியர் ஆயில் அல்லது செயின் லூப் இட வேண்டும். பெட்ரோலால் கழுவக் கூடாது; ரப்பர் வளையம் பதித்த செயின்களை அது கெடுத்துவிடும். செயின் வீணைத் தந்திபோல் விறைப்பாகவும் இருக்கக் கூடாது; தொங்கவும் கூடாது. பொதுவாக 20 முதல் 30 மி.மீ. வரை மேலும் கீழும் அசைய வேண்டும்.

என்ஜின் ஆயில் டப்பாவில் '10டபிள்யூ-30' என்று அச்சிட்டிருப்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன் உள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரிலும் ஆயில் எளிதில் ஓடும். நிறுவனம் பரிந்துரைத்த தரத்தையே பயன்படுத்துவது போதும். விலை உயர்ந்ததெல்லாம் உகந்தது ஆகாது. குறிப்பாக, கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி இயங்கும் மோட்டார் சைக்கிள்களுக்கு 'ஜாசோ எம்ஏ' தர ஆயில் வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

பேட்டரியும் விளக்கும்: குளிரில் பேட்டரியின் திறன் குறையும், ஆயிலோ தடிமனாகும். இரண்டும் சேர்ந்துதான் மார்கழிக் காலையில் செல்ஃப் ஸ்டார்ட் முனகுகிறது. நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக உள்ளது, 12.2-க்குக் கீழே எனில் சார்ஜ் செய்ய வேண்டும். முனைகளில் படியும் வெண்பொடியை வெந்நீரால் துடைத்து, சிறிது வாசலின் தடவினால் போதும். பொத்தானை இடைவிடாமல் அழுத்துவது பேட்டரியை மேலும் வற்றச் செய்யும். ஐந்து நொடிக்கு மேல் அழுத்தாமல், இடைவெளி விட்டு முயல வேண்டும். வண்டி கிளம்பியதும் ஆக்சிலரேட்டரை முறுக்கிச் சூடேற்றத் தேவையில்லை. அரை நிமிடம் ஓடவிட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாகச் சென்றாலே போதும்.

மழையில் ஓட்டும் முறை: பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் அரைமணி நேரம் மிகவும் ஆபத்தானது. சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரில் குழைந்து சோப்புபோல் ஆகிவிடும். வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், ரயில் தண்டவாளங்கள், பாலங்களின் இரும்பு இணைப்புகள் ஆகியவற்றின் மீது செல்லும்போது பிரேக் பிடிப்பதையும் வண்டியைச் சாய்ப்பதையும் தவிர்க்க வேண்டும். தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

சென்னைவாசிகள் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் கற்ற பாடம் ஒன்று உண்டு. தேங்கிய நீருக்குள் நின்றுபோன வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முயன்று கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, என்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். வண்டியைத் தள்ளிச் சென்று மேட்டில் நிறுத்தி, மெக்கானிக்கிடம் ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், அதில் நீர் கலந்துள்ளது. உடனே மாற்ற வேண்டும்.

பனியிலும் மலையிலும்: மூடுபனியில் ஹெட்லைட்டின் ஹை பீம் நமக்கே எதிரி. அதன் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, கண்முன் வெண்திரையாக நிற்கும். லோ பீமில், சாலையின் இடதுபுற வெள்ளைக் கோட்டை வழிகாட்டியாகக் கொண்டு செல்வதே சரி. எதுவும் தெரியாத நிலையில் வண்டியை சாலையிலேயே நிறுத்தாமல், சாலையை விட்டு முற்றிலும் விலகி நிறுத்த வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கே இல்லாமல் செல்லும் காலமும் இதுதான். காவிரிப் படுகையில் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே காயவைக்கப்படும் நெல்லும் உளுந்துச் செடியும் சக்கரத்தை உருளைகளின் மேல் நிறுத்தியதுபோல் வழுக்கிவிடும். உலர்களம் அமைத்துத் தருவதும், டிராக்டர்களில் ஒளிர்பட்டை ஒட்டச் செய்வதும், தூர்ந்த வடிகாலைச் சீராக்குவதும் அரசின் கடமைகள். அவை நிறைவேறும் வரை எச்சரிக்கை நம் பொறுப்பு.

கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி பொழிவதுண்டு. வெப்பநிலை 10 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்றால், உடல் உணரும் குளிர் ஏறத்தாழ 5 டிகிரி. விரல்கள் மரத்துப்போனால் பிரேக் பிடிக்கும் வேகம் குறையும். ஆதலால், கையுறை அலங்காரமன்று. பிரேக்கின் ஒரு பகுதி. தடித்த ஸ்வெட்டரைவிட, அதன் மேல் காற்றுப் புகாத மழைக்கோட்டு அணிவது கூடுதல் பயன் தரும்.

முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டி போன்ற மலைப்பாதைகளில் இறங்கும்போது, பெட்ரோலைச் சேமிப்பதாக எண்ணி என்ஜினை அணைப்பதும் நியூட்ரலில் உருளவிடுவதும் உயிரோடு விளையாடுவதாகும். ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ, அதே கியரில் இறங்க வேண்டும். என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால், அது சூடேறிச் செயலிழக்கும். ஸ்கூட்டர்களில் என்ஜினின் இந்தத் தடுப்பாற்றல் குறைவு என்பதால், அவற்றில் இறங்குவோர் இடையிடையே நிறுத்திப் பிரேக்கை ஆறவிட வேண்டும்.

எந்த மாற்றம் தகும்?: இளைஞர்கள் வண்டியை மாற்றியமைக்க விரும்புவது இயல்பே. அந்த ஆர்வத்தைப் பழிப்பதில் பயனில்லை, அதை நெறிப்படுத்தலாம். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை மேல்நிலை வகுப்பிலேயே படிக்கிறோம். வண்டிக்குச் செலவிடும் முதல் ஆயிரம் ரூபாய் டயருக்கும் பிரேக்குக்கும் சென்றால் அதன் பயன் மிக அதிகம்; அவையெல்லாம் சீராக உள்ள வண்டியில் மேலும் செலவிடும் ஆயிரத்தின் பயன் குறைவு. தேய்ந்த டயருடன் ஓடும் வண்டிக்கு ஓசை மிகுந்த சைலன்சர் பொருத்துவது, ஒழுகும் கூரைக்கு வண்ணம் பூசுவது போன்றது.

அதே அளவில் தரமான டயர், நல்ல பிரேக் பேட், இருபுறமும் கண்ணாடி, ஒளிர்பட்டை, பின்னால் அமர்பவருக்கு உறுதியான கைப்பிடியும் சேலைக் காப்பும் ஆகியவை தகுந்த மேம்பாடுகள். ஹெட்லைட் மங்கலாக இருந்தால், அதன் கண்ணாடியைத் துடைத்து, ஒளி விழும் கோணத்தைச் சரிசெய்து, நிறுவனம் குறித்த திறனுள்ள புதிய பல்பைப் பொருத்துவதே பெரும்பாலும் போதும். ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்த கிண்ணத்தில் எல்இடி பல்பைச் செருகினால், ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். இதைத்தான் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது: மகிழ்ச்சி ஒருவருக்கு, அதன் விலை மற்றவருக்கு. ஓசை எழுப்பும் சைலன்சரும் அத்தகையதே.

சட்டமும் தெளிவாக உள்ளது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் அளித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். இரண்டும் சேர்த்தும் விதிக்கப்படலாம். ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதத்துக்கு உரிமம் இழப்பும் நேரலாம். விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது, மாற்றியமைத்த வண்டி காப்பீட்டு நிறுவனத்துக்கு மறுப்பதற்கான காரணத்தையும் தந்துவிடும்.

எல்லாவற்றிலும் மேலான மேம்பாடு வண்டியில் பொருத்துவதன்று, தலையில் அணிவது. 2022-இல் தலைக்கவசம் அணியாமல் சென்று உயிரிழந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் உள்ள கவசம் இரண்டு வாங்க வேண்டும். தாடைப் பட்டியைப் பூட்டாத கவசம் முதல் மோதலிலேயே கழன்றுவிடும். ஒரு முறை பலத்த அடிபட்ட கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். இரவில் ஓட்டுவோர் நிறமற்ற கண்ணாடியையே பயன்படுத்த வேண்டும். அதன் உட்புறத்தில் துளி சோப்பைத் தடவி நன்கு துடைத்தால், மூச்சுக்காற்றால் மங்குவது குறையும்.

இவற்றுக்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. ஒரு லட்சம் ரூபாய் வண்டி பத்து ஆண்டுகள் உழைக்கும் எனக் கொண்டால், ஆண்டுக்கு 10,000 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துகொண்டிருக்கிறது. மாதம் 500 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தால், ஆண்டுக்கு 6,000 ரூபாய் சேரும். நூறு சிசி வண்டியின் ஆயில், பிரேக், செயின் செலவின் பெரும்பகுதி அதில் அடங்கும். மிஞ்சுவது அடுத்த டயருக்கு ஆகும். பழுது வந்த பின் கடன் வாங்கிச் செலவிடுவதைவிட இது எளிது. வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கும் நாள்களின் கூலி இழப்பையும் கணக்கில் சேர்த்தால், இதன் இலாபம் இன்னும் தெளிவாகும்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்: டயரின் காற்றும் தேய்மானமும், இரு பிரேக்குகள், முன்பின் விளக்குகளும் இண்டிகேட்டர்களும், செயின், ஆயில் அளவு, ஹாரன், கண்ணாடிகள் என ஏழும் சரியா என்று பார்க்கலாம். வீட்டிலுள்ள பதின்பருவப் பிள்ளைகளையும் அருகே நிறுத்தி இதைக் கற்றுத்தரலாம். உரிமம் பெறும் வயதில் வண்டி கேட்கும் பிள்ளைக்கு, அதற்கு முன்பே அதன் பிரேக்கைச் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.